குழாயில் மறந்த சாக்கு

ஓசூர் வட்டாரத்தில் பதினெட்டு வருடமாக மொட்டைமாடிக் கசிவு பார்க்கிறேன். யார் கூப்பிட்டாலும் முதலில் மூன்று இடம்தான் பார்ப்பேன். கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, தளத்தைத் துளைத்து இறங்கும் பைப், மழைத்தண்ணீர் வெளியேறும் குழாய் வாய். இதைப் பார்க்காமல் நடுத்தளத்தைக் கொத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இவ்வளவு பேசும் நான்தான் பாகலூரில் ஜெயம்மா வீட்டில் அந்தக் கூத்தை அடித்தேன்.

ஜெயம்மா கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். கணவர் கிட்னி ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் வந்து படுக்க வேண்டிய அறையில், கட்டிலுக்கு நேர் மேலே ஒழுகியது.

"அண்ணா, வியாழக்கெழம கூட்டிட்டு வர்றோம். அந்த ரூம்ல ஈரமே இருக்கக்கூடாதுன்னு டாக்டரு கண்டிசனா சொல்லிட்டாரு. முடியுமா முடியாதா, இப்பவே சொல்லிருங்க."

"முடியும்மா" என்றேன்.

கைப்பிடிச் சுவர் மூலையில் விரல் நுழையும் வெடிப்பு. கொத்தி எடுத்து, கலவை வைத்துச் சரிவாக்கி, வலைத்துணி ஒட்டி, சுவரில் ஒரு அடி உயரம்வரை கோட்டிங் அடித்தேன். காய்ந்ததும் குழாய் வாயைச் சாக்கால் அடைத்து மாடியில் தண்ணீர் கட்டினேன். இரண்டு நாள் நின்றும் கீழே சொட்டக் கூடாது. எங்கள் தொழிலில் பரீட்சை அதுதான்.

வியாழன் காலை அறைக்குள் போய் அண்ணாந்து பார்த்தேன். சொட்டு ஈரமில்லை. அந்தச் சந்தோஷத்தில் "பாஸாயிருச்சும்மா" என்று சொல்லிவிட்டு, கிருஷ்ணகிரி வேலைக்கு வண்டியை எடுத்தேன். மாடிக்கு ஏறவே இல்லை.

மதியம் அங்கே இன்னொரு குழாயை அடைக்கப் பையில் கைவிட்டேன். சாக்கைக் காணோம். ஜெயம்மா வீட்டுக் குழாயிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஓசூர்ப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. கட்டிய தண்ணீரோடு மழையும் சேர்ந்தால், மாடிக்கதவைத் தாண்டிப் படி வழியாக அந்த அறைக்குத்தான் இறங்கும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜெயம்மாவுக்குப் போன் போட்டேன். "டிஸ்சார்ஜ் பண்ணிட்டிருக்காங்கண்ணா. வீடு பூட்டியிருக்கு, சாவி பக்கத்து வீட்டுல. ஏன், என்னாச்சு?"

"சும்மாதாம்மா" என்று பொய் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு முட்டிவலி, மாடி ஏறமாட்டார். நானேதான் போக வேண்டும்.

சானமாவுக் காட்டருகே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். யானைக் கூட்டம் ரோட்டைக் கடக்கிறதாம். மழையும் பிடித்துக்கொண்டது. வனத்துறைக்காரரிடம், "சார், ரொம்ப அவசரம்" என்றேன்.

"அதுங்ககிட்டப் போய்ச் சொல்லு" என்றார்.

பாகலூர் போய், பக்கத்து வீட்டில் சாவி வாங்கி மாடிக்கதவைத் திறந்தால், நிலைப்படிக்கு ஒரு விரல் கீழே தண்ணீர் நின்றது. அதில் இறங்கிப் போய்ச் சாக்கைப் பிடுங்கினேன். குழாயில் கடகடவென்று தண்ணீர் இறங்கிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கீழே ஓடி, ஸ்டூல் போட்டு ஏறி, கூரை மூலையைத் தடவினேன். காய்ந்தே இருந்தது. அழுகையே வந்துவிட்டது.

அப்போது ஆட்டோ வந்தது. ஜெயம்மா வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரூம்ல ஈரம் கூடாதுன்னேன். நீங்களே ஒழுகிட்டு நிக்கறீங்களே."

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் கணவர் தையலைக் கையால் அழுத்திக்கொண்டு சிரித்தார். ஜெயம்மா சிரிக்கவில்லை. துடைக்கத் துணியைக் கொடுத்துவிட்டு, "அந்தச் சாக்க எங்கிட்டக் குடுத்துட்டுல்ல கெளம்பியிருக்கணும்?" என்றார்.

தரையை நானே துடைத்தேன். முடிப்பதற்குள் அவர் கணவர் அந்த மூலைக்கு நேர் கீழே தூங்கிவிட்டார். இப்போதெல்லாம் வேலை முடிந்தால் ஈரச் சாக்கை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். மூஞ்சியைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.