விழாத யானையும் பதினொன்றாம் விதியும்

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்துச் சுவரில் ஒருவர் சினிமா நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். மைதாப் பசை வாசனை வந்தது. நோட்டீஸில் யார் படம் என்றுகூடப் பார்க்காமல் வாளியை முகர்ந்துகொண்டு நின்றேன். "அங்கிள், தள்ளி நில்லுங்க லா, சட்டையில ஒட்டிக்கும்," என்றார். அவருக்கு என்ன தெரியும், நான் பசையிலேயே பிழைத்தவன்.

ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை அதுதான். ரயில் ஓட்டுகிற விதி ஏதாவது மாறினால் மேலேயிருந்து ஒரு துண்டுச் சீட்டு அச்சாகி வரும். அதைப் பழைய விதியின் மேல், ஒவ்வொரு புத்தகத்திலும், கோணாமல் ஒட்ட வேண்டும். சீட்டின் அடியில் 'இன்ன தேதி முதல் அமல்' என்று இருக்கும். தேதி இல்லாத சீட்டைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். வீட்டிலும் எனக்கு இந்தப் புத்திதான். "இனிமே காலையில காப்பி கிடையாது, கஞ்சிதான்," என்று என் மனைவி சொன்னால், "எந்தத் தேதியிலேர்ந்து?" என்று கேட்பேன். அவள் முறைப்பாள்.

கிள்ளான் கூட்ஸ் ஆபீசில் இருந்த வேலாயுதம் என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். சீமைக்குத் திரும்பிய ஒரு எஞ்சினியர் துரை ஏலம் விட்ட சாமான்களில் ஒரு மரப்பெட்டியை நாங்கள் இருவரும் கூட்டாக எடுத்தோம். உள்ளே ஈயச் சிப்பாய்கள், தீக்குச்சியைச் சுடுகிற இரண்டு ஸ்பிரிங் பீரங்கிகள், மேசைமேல் யுத்தம் நடத்துவது எப்படி என்று ஒரு சின்ன இங்கிலீஷ் புத்தகம். அவன் நீலப் பட்டாளம், நான் சிவப்பு. ஒரு ஞாயிறு கிள்ளானில், மறு ஞாயிறு என் வீட்டில். கல்யாணமான ஆம்பளைகள் இரண்டு பேர் வெட்கமில்லாமல் விளையாடினோம்.

சிவப்பில் குதிரைகள் குறைவு. ஈடுகட்ட, பத்துமலைத் தைப்பூசக் கடையில் வாங்கிய மர யானை ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். "சரி, பாவம்," என்று வேலாயுதமும் ஒப்புக்கொண்டான். அங்கேதான் கெட்டான். புத்தகத்தின்படி, குண்டு பட்டு விழுந்தால்தான் சாவு. யானையோ அம்மிக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். தீக்குச்சிக்கு அசையுமா? இரண்டு வருஷம், ஒரு ஞாயிறு விடாமல், வேலாயுதம் மண்ணைக் கவ்வினான்.

ஒரு ஞாயிறு ரயிலை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தான். கையில் அதே புத்தகம், புது அட்டை. சீமைக்கு எழுதிப் புதுப் பதிப்பு வரவழைத்திருக்கிறான்.

"பதினொண்ணாவது விதியைப் படி."

படித்தேன். இனிமேல் விழ வேண்டாமாம். குண்டு பட்டாலே சாவாம். புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினேன்.

"எந்தத் தேதியிலேர்ந்து அமல்னு போடலையே," என்றேன்.

"இது ரயில்வே சர்குலர் இல்லடா. விளையாட்டு."

"தேதி இல்லாம செல்லாது."

என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மூடினான். "எனக்கு வடக்கே மாத்தல் வந்திருக்கு. நாளன்னிக்குப் போறேன். ஒரே ஒரு தடவை ஜெயிச்சிட்டுப் போறேண்டா."

இதைக் கேட்ட பிறகும் எவனாவது பிடிவாதம் பிடிப்பானா? நான் பிடித்தேன். புத்தகம் போட்டவர்களுக்கே எழுதிக் கேட்போம், பதில் வரும்வரை யுத்த நிறுத்தம் என்றேன். "ஒரு கட்டை யானைக்காக அண்ணனைச் சாப்பிடாமக்கூட அனுப்பிட்டீங்களே," என்று என் மனைவி நாள் முழுக்கத் திட்டினாள். திட்டட்டும், நியாயம்தான். மடையன் நான், ஜெயிக்க விட்டிருக்கலாம்.

மூன்று மாதம் கழித்துக் கப்பலில் பதில் வந்தது. ஒரே வரி. 'நண்பர்கள் இருவரும் ஒப்புக்கொண்ட நாள் முதல்.' நாலு தடவை படித்தேன். அந்த நிமிஷமே ஒப்புக்கொண்டேன். கடிதம் எழுதப் பொறுமையில்லை. ரயில்வே தந்தியிலேயே அவன் ஸ்டேஷனுக்கு அடித்துவிட்டேன்: 'யானை செத்தது. வேலாயுதத்துக்குச் சொல்லவும்.'

தண்டவாளத்தில் நிஜ யானை வந்து நிற்கிற ஊர் அது. ஸ்டேஷன் மாஸ்டர் என்ன செய்வார், பாவம். வந்த கூட்ஸ் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, கயிறும் கடப்பாரையுமாக ஆட்களை டிராலியில் ஏற்றி, செத்த யானையை இழுத்துப் போட அனுப்பிவிட்டார். தந்தியில் வேலாயுதம் பெயர்தானே இருந்தது, அதனால் அவன் தலைமையில். அவனுக்கு விஷயம் தெரியும். சொன்னால், விளையாட்டுக்கு ரயில்வே தந்தி அடித்தவன் என்று என் வேலை போகும் என்றும் தெரியும். வெயிலில் யாரிடமும் மூச்சுவிடாமல் போய், புதர் புதராகத் தேடிவிட்டு வந்து, மேலிடத்துக்கு எழுத்து மூலம் ஒரு அறிக்கை கொடுத்தான். அதன் நகல் என் மேசைக்கும் வந்தது. 'யானை சாகவில்லை. எழுந்து காட்டுக்குள் போய்விட்டது. வேலாயுதம்.'

வாழ்நாளில் ஒரே ஒரு தடவை ஜெயித்தான். அதையும் எனக்காகத் தன் கையெழுத்துப் போட்டுத் தோற்றான்.

லீவில் வருகிறேன், புது விதிப்படி ஒரு ஆட்டம் போடலாம் என்று எழுதினான். லீவு இரண்டு முறை தள்ளிப்போனது. பிறகு ஜப்பான்காரன் வந்துவிட்டான். சிப்பாய்களை உருக்கி யாரோ மீன் வலைக்கு ஈயக் குண்டு செய்துகொண்டார்கள். வேலாயுதம் வடக்கிலேயே காய்ச்சலில் போய்விட்டான். இப்போது அந்தத் தந்தி மெஷினும் இல்லை, சீட்டு ஒட்டுகிற வேலையும் இல்லை.

யானை மட்டும் என் ரேடியோப் பெட்டியின்மேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதன்மேல் ஒரு தீக்குச்சியைச் சுண்டிவிடுகிறேன். சரியாகப் படுகிறது. விழமாட்டேன் என்கிறது. புது விதிப்படி ஒவ்வொரு வாரமும் செத்துக்கொண்டுதான் இருக்கிறது, வேலாயுதத்துக்குத்தான் சொல்ல முடியவில்லை.