ஒன்றரை நிமிடக் குற்றம்

பதினேழாம் எண் பஸ் டிரைவருக்குப் பணிமனையில் வைத்த பெயர் ‘செய்தி’. மூன்று வயதில் வெளிநாட்டுத் தம்பதிக்குத் தத்துப் போய், நாற்பதாவது வயதில் பெட்டி படுக்கையோடு பிறந்த நாட்டுக்கே குடிவந்தவர். தாய்மொழியை வானொலிச் செய்தி கேட்டே உருப்போட்டவர் ஆதலால், படிக்கட்டில் தொங்குகிறவர்களிடம், “பயணிகள் உள்ளே வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்” என்பார். சிரித்த சிரிப்பில் இரண்டு பேர் பிடி நழுவியதாகக் கேள்வி.

வந்ததும், பெற்றவளுக்குத் தன் போட்டோவை வைத்துக் கடிதம் போட்டார். ஒரே வரியில் பதில் வந்தது: ‘எனக்குக் குடும்பம் இருக்கிறது, வீட்டுப் பக்கம் வர வேண்டாம்.’

செய்தி சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்கு எதிர்ச்சாரியில் நின்று போகும் பஸ்ஸை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ஏழு பத்து வண்டி. முழங்கால் சொன்ன பேச்சுக் கேட்காததால் தினமும் ஒன்றரை நிமிடம் பிந்துவாள். வண்டி நிற்கும். நிமிர்ந்து பார்க்காமல் மூன்றாவது இருக்கைக்குப் போய்விடுவாள். அடையாளம் தெரியவில்லையா, தெரிந்தும் தெரியாதது போல இருக்கிறாளா? ஐந்து மாதமாக அவருடைய தலைப்புச் செய்தி இதுதான்.

பணிமனைக்கோ அது ஒன்றரை நிமிடக் குற்றம். இரண்டு மெமோ வந்தாயிற்று. மூன்றாவது வந்தால் வண்டி கைமாறும். செய்தி ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டியதுதான்.

அன்று செக்கர் கடிகாரமும் கையுமாக முன்னால் உட்கார்ந்திருந்தார். ஏழு பத்து. அவளைக் காணோம்.

“எடுங்க” என்றார் செக்கர்.

“சற்றே பொறுத்தருள்க.”

“யோவ் செய்தி, எட்டு மணிக்கு எனக்கு ஷிப்டுய்யா!” என்றது ஒரு குரல்.

“விளம்பர இடைவேளை போலிருக்கு, கம்முனு இரு” என்றது இன்னொன்று.

ஏழு பதினொன்று. எதிரே கேட் திறந்தது. அவள் பாதி சாலை வந்தபோது ஒரு லாரி மறித்துக்கொண்டது. ஏழு பன்னிரண்டு. செக்கர் பேனா மூடியைக் கழற்றினார்.

ஒருவழியாக ஏறினாள்.

“ஏம்மா, உங்களுக்காகவா வண்டி நிக்குது? இவர் என்ன, உங்க சொந்தக்காரரா?” என்றார் செக்கர்.

செய்தி கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை, சாலையையே வெறித்தார்.

அவள் மூச்சு வாங்கினாள். “கால் முடியாதவ. நான்தான் நிக்கச் சொன்னேன். எழுதுறதுன்னா என் பேரை எழுதுங்க. அவனை விட்டுடுங்க.”

பயணிக்கு மெமோ கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. செக்கர் யோசித்துவிட்டுப் பேனாவை மூடினார். “நாளைக்கு நின்னா எழுதிடுவேன்.”

மறுநாள் வண்டி தெருமுனை திரும்பும்போதே அவள் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஆறரையிலிருந்தே நிற்பதாகப் பெட்டிக்கடைக்காரர் பிற்பாடு சாட்சி சொன்னார். மூன்றாவது இருக்கைக்குப் போகவில்லை. டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள்.

“போட்டோவுல மீசை இருந்துச்சே” என்றாள், தணிந்த குரலில்.

கியரைப் பிடித்த செய்தியின் கை அப்படியே நின்றது. ஒரு நிமிடம். ஒன்றரை.

“எடுப்பா” என்றாள் அவள், “நேரமாச்சு.”