தகப்பனைத் தேடி அழவில்லை

இன்று என் கணவரின் அந்தியேட்டி, அவர் செத்து முப்பத்தோராம் நாள். கிரியை முடியும்வரை என் ஐந்து மாதப் பிள்ளை அவரின் அக்கா, என் மச்சாளின் கையில் இருந்தான்.

திடீரென்று வீறிட்டு அழுதான்.

"ஐயோ, தகப்பனைத் தேடுறான் பாருங்கோ!" என்று மச்சாள் வீடியோ கோலில் கனடாவில் இருக்கிற சொந்தக்காரருக்குக் காட்டினார். வந்திருந்த சனமெல்லாம் சேர்ந்து அழுதது.

நான் பிள்ளையைப் பறித்துப் பார்த்தேன். விடிய நான் கட்டிவிட்ட அதே பம்பஸ், மூத்திரத்தில் ஊறிக் கனத்திருந்தது. தொடையிடுக்கு சிவந்து தோல் உரிந்திருந்தது.

"கொஞ்சம் பவுடரைக் கொட்டடி, சரிவரும்," என்றார் மச்சாள்.

"ஒண்டும் கொட்ட வேண்டாம். முதல்ல அந்தப் போனை வையுங்கோ!"

வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, காற்றுப்பட விட்டேன். அழுகை அடங்கித் தூங்கிவிட்டான்.

அவரைத் தேடி அழ நான் இருக்கிறேன். செத்தவீட்டுக்குப் போகிறவர்களே, பிள்ளை அழுதால் முதலில் பம்பஸைக் கழற்றிப் பாருங்கள். பிறகு அழலாம்.