தாய்லாந்துக்காரருக்குக் காசின் அருமை தெரியாது

ஒவ்வொரு ஏப்ரலிலும், நாங்கள் உணவகத்தின் வெளிக்கதிரைகளைத் துடைத்து ஆற்றைப் பார்த்தபடி போடுகிற வாரத்தில், அவர் தாய்லாந்திலிருந்து திரும்பி வருவார். சுவிஸின் துன் நகரத்தில் காலமெல்லாம் குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவர். குளிர்கால ஆறு மாதமும் தாய்லாந்துக் கடற்கரையில் ஒரு வாடகை வீடு. மிச்ச ஆறு மாதமும் எங்கள் மூலை மேசை. வறுத்த முந்திரிப்பருப்பின் நிறத்தில் வந்து இறங்குவார். அவரைச் சுற்றி இன்னும் மூன்று பென்ஷன்காரர் உட்கார, ஆளுக்கொரு பியரோடு ஒன்றரை மணித்தியாலம் பிரசங்கம் நடக்கும்.

நான் அந்த உணவகத்தில் முதல் பத்து வருடம் பாத்திரம் கழுவினேன். பிறகு பரிமாறுகிறவனானேன். ஆகையால் பிரசங்கத்தின் முதல் பாகத்தைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் இரண்டாம் பாகத்தை மேசைக்குப் பக்கத்திலிருந்தும் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அவர் பேசுவது பேர்ண் ஜெர்மன். என் காதில் அது எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன்.

"நல்ல சனம். சிரிச்ச முகம். ஆனா காசின்ர அருமை தெரியாது. கையில வந்தாப் போதும், உடனே பவுண் சங்கிலி. இல்லாட்டிப் புது போன். மகன் ரெண்டு கிழமை பிக்குவாப் போறான் எண்டு ஊர் முழுக்கச் சாப்பாடு. முழு ஊருக்கும்! நாளைக்கு என்ன செய்யிறது எண்டு ஒருத்தரும் யோசிக்கிறேல்லை."

மற்ற மூவரும் தலையாட்டுவார்கள். நாளையைப் பற்றி யோசிப்பதில் அவர்கள் நால்வரையும் விஞ்ச ஆளில்லை. மிஞ்சிய பாண் துண்டைக் கடதாசித் துவாயில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போகிறவர்கள்.

நானும் தட்டை எடுத்தபடி தலையாட்டியிருக்கிறேன். ஒரு முறை அப்படி ஆட்டும்போது என் மூத்த மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியச் சடங்கு நினைவுக்கு வந்து, தலை பாதியில் நின்றது. பேர்ண் மேற்கில், பூம்ப்ளிஸ் பக்கத்தில் மண்டபம். நானூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு. அன்னப்பட்சி வடிவத்தில் ஒரு சிம்மாசனம், அதன் மூக்கிலிருந்து புகை. மேலே பறந்து படமெடுக்க ஒரு ட்ரோன். அது போய் ஒரு மாமியின் கொண்டைக்குள் மாட்டியது. அந்த ஒரு நாளுக்காக இரண்டு கோடை விடுமுறையை விட்டுக்கொடுத்து வேலை செய்தவன் நான். நல்லகாலம், எங்களைப் பற்றிப் பேச எந்தக் கடற்கரையிலும் ஒரு குழாய்க்காரர் உட்கார்ந்திருக்கவில்லை.

ஒரு நாள் சூப் வைக்கும்போது அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ தாய்லாந்துப் பக்கம் போயிருக்கிறியோ?"

குசினி ஆட்களையும் பரிமாறுகிறவர்களையும் அவர் நீ என்றுதான் சொல்வார். நாங்கள் அவரை நீங்கள் என்போம்.

"ஓம். எட்டு மாதம் இருந்தனான்."

முகம் மலர்ந்துவிட்டது. "எந்தக் கடற்கரை?"

"கடற்கரை இல்லை. பாங்கொக்கில ஒரு அறை."

சொன்னேன். சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டது, ஐரோப்பாவுக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்ட் எங்களைப் பாங்கொக்கில் இறக்கிவிட்டுப் போனது, ஒரே அறையில் பதினொரு பேர், யன்னலுக்குப் பேப்பர் ஒட்டியிருந்தது, செருப்புச் சத்தம் கேட்டால் மூச்சை அடக்கியது. எட்டு மாதத்தில் நான் படித்த தாய் மொழிச் சொற்கள் மூன்று: பொலிஸ், சத்தம் போடாதே, முட்டை. அவர் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார். இந்தக் கதையைச் சொன்னால் சுவிஸ்காரர் வழக்கமாக ஒரு முகம் வைப்பார்கள். வைத்தியசாலையில் வைக்கிற முகம். அதற்காக நானும் கொஞ்சம் இடைவெளி விட்டு நின்றேன்.

"பதினொரு பேரும் வாடகை எவ்வளவு குடுத்தனீங்கள்?" என்றார்.

நினைவிலிருந்ததைச் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்களை நல்லா ஏமாத்திப்போட்டாங்கள். பாங்கொக்கில எடுத்தா அப்பிடித்தான். கடற்கரைப் பக்கமாப் பாத்திருக்க வேணும்."

அப்படியே குசினிக்குள் போய்ச் சாலட் வெட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் சொன்னேன். அவள் கத்தியை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தாய்லாந்தின் வடகிழக்கிலிருந்து ஒரு சுவிஸ்காரரைக் கட்டி வந்து, அவர் செத்த பிறகும் இங்கேயே இருந்துவிட்டவள். ஐம்பது வயது. என்னை "பி" என்று கூப்பிடுவாள். அவர்கள் மொழியில் அண்ணை. எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி உடைந்த ஜெர்மன். இருவருமே அதே இடங்களில் உடைப்பதால் புரிவதில் சிரமமில்லை.

"பி, அந்த மனிசன் எங்கட ஊருக்கு எத்தினை வருசமாப் போறார்?"

"பதினைஞ்சு இருக்கும்."

"ஒரு வீட்டுக்குள்ள போய்ச் சாப்பிட்டிருக்கிறாரோ?"

அவள் மறுபடியும் கத்தியை எடுத்தாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில், ஒரு சனி பிற்பகல், படம் காட்டி விளக்கவுரை. பென்ஷன் எடுத்துக்கொண்டு தாய்லாந்து போக நினைப்பவர்களுக்கு. சாப்பாடு நாங்கள் இருவரும் செய்ய வேண்டும் என்று உணவக முதலாளியிடம் கேட்டு ஒப்புக்கொள்ள வைத்தார். அவள் தன் ஊர்க் குழம்பு வைக்கிறேன் என்றாள். "வேண்டாம், ஆக்கள் பயந்திடுவினம்" என்று மறித்து, உறைப்பில்லாமல் எதையாவது வைக்கும்படி என்னிடம் சொன்னார். நான் தேங்காய்ப்பால் விட்டு, எங்கள் வீட்டுக் கோழிக்கறியை மிளகாய்த்தூள் இல்லாமல் வைத்தேன். அசல் தாய்லாந்துச் சுவை என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டு முறை போய் வந்தவர்கள் இன்னும் அழுத்திச் சொன்னார்கள்.

விளக்கவுரையில் சூரிய அஸ்தமனம் வந்தது. மசாஜ் செலவு வந்தது. பிறகு அவருடைய வீட்டுப் பிரிட்ஜின் படம். உள்ளே கிரூயேர் சீஸ், கடுகு, சுவிஸ் வெதுப்பகம் ஒன்றின் பாண். அங்கே நல்ல சீஸ் கிடைப்பது கடினம், கிடைத்தாலும் தங்க விலை, ஆனால் மனிதன் வேறெதைத் தின்பது என்று அவர் மனவருத்தத்தோடு சொன்னபோது மண்டபம் உருகியது. உண்மையைச் சொன்னால் நானும் உருகினேன். பேர்ணில் தமிழ்க் கடைக்குப் போய், விமானத்தில் வந்து வாடிய ஆறு முருங்கைக்காய்க்கு ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு கொடுக்கிற இனம் எங்களுடையது.

அடுத்த படத்தில், சந்தையில் மீன் விற்கிற ஒரு பெண். கழுத்தில் கனமான சங்கிலி.

"பாருங்கோ. கால்ல கிழிஞ்ச செருப்பு, கழுத்தில பவுண். ஒரு சதம் சேமிப்பில்லை."

பின்னால் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் கையை உயர்த்தினாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, ஈரக் கையுறையோடு.

"அதுதான் அவவின்ர சேமிப்பு," என்றாள். "பள்ளிக்கூடம் துவங்கேக்க அடகு வைப்பா. மீன் நல்லா வித்தா மீட்பா. நானும் அப்பிடித்தான் படிச்சனான்."

"ஆனா சங்கிலி வட்டி தராதே," என்றார் அவர், பொறுமையாக.

"உங்கட வங்கி தருதோ?"

மண்டபத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பல வருடமாக வங்கியில் காசைப் போட்டுவிட்டு வட்டிக்குப் பதில் கட்டணக் கடிதம் வாங்கியவர்கள். முதலில் ஒரு கிழவி சிரித்தாள். பிறகு எல்லோரும். அவர் மட்டும் அடுத்த படத்தைத் தேடினார்.

பாத்திரங்களை வண்டியில் ஏற்றும்போது அவர் முறைத்தபடி எங்களிடம் வந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"மாசியில என்ர தங்கச்சியின்ர மகன் பிக்கு ஆகிறான். முழு ஊருக்கும் சாப்பாடு. நீங்கள் அங்கதானே நிப்பீங்கள், வாங்கோவன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "பி, நீங்களும் குடும்பமா."

அவர் சாப்பாடு இலவசமா என்று கேட்கவில்லை. எந்த நேரம் தொடங்கும் என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் போக மனமில்லை. அந்த நாட்டில் எனக்குத் தெரிந்தது பேப்பர் ஒட்டிய யன்னல்தான். ஆனால் இங்கே பிறந்த என் இளைய மகள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், விமானச் சீட்டை எடுத்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னாள். பாங்கொக்கில் இறங்கியதும் கடவுச்சீட்டுச் சோதிக்கிற பெடியன் என் சிவப்புப் புத்தகத்தைத் திறந்தான். வெள்ளைச் சிலுவை போட்ட புத்தகம். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் முத்திரை குத்தினான். என் உள்ளங்கை நனைந்திருந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டு ஒரு கைக்குட்டையைத் தந்தாள்.

வெளியே வந்து அரை மணித்தியாலம் ஆகவில்லை, எனக்குள் இருந்து ஒரு குழாய்க்காரர் எழும்பிவிட்டார். டுக்டுக் ஓட்டோக்காரன் கேட்டதில் பாதிதான் தருவேன் என்று நின்றேன். துன்னில் ஒரு கோப்பிக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த தொகை. வெயிலில் பத்து நிமிடம் பேரம் பேசி வென்றேன். ஏறி உட்கார்ந்ததும் அவனுடைய போன் கண்ணில் பட்டது, என்னுடையதைவிடப் புதிது.

"பாத்தீரோ போனை?" என்றேன் மனைவியிடம். "இந்தச் சனத்துக்குச் சேமிக்கத் தெரியாது."

"அப்பா, பைன்லிஹ்!" என்றாள் மகள். வெட்கக்கேடு என்பதற்கு இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லோரும் வைத்திருக்கிற சொல். "அந்தக் கிழவன் கதைக்கிற மாதிரியே கதைக்கிறீங்கள்."

இறங்கும்போது மகள் அவன் முதலில் கேட்ட தொகையை முழுதாகக் கொடுத்தாள்.

வடகிழக்கில், சாலட்காரியின் தங்கை வீட்டில் கூடாரம் போட்டு, சிவப்புப் பிளாஸ்டிக் கதிரைகள். ஒலிபெருக்கி நெஞ்சுக்குள் இடித்தது. எங்களுக்கு முன்பே அவர் வந்துவிட்டிருந்தார். பெரியவர்களுக்குப் போட்ட முதல் மேசையில், தொப்பியோடு. முன்னால் பன்றி இறைச்சி, மீன், ஒட்டும் சோறு. நாங்கள் உட்கார முன்பே அவருடைய இரண்டாவது தட்டு வந்தது.

"பார், எவ்வளவு வீண்செலவு!" என்றார் எலும்பைக் கடித்தபடி. "முந்நூறு பேர் இருக்கும்!"

நான் நானூற்றைம்பது பேர்க்காரன். மீன் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். என் மனைவி கூடாரத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எங்கட மண்டபத்தைவிட இது நல்ல ஒழுங்கு" என்றாள். பிறகு கைப்பையிலிருந்து காசு வைத்த ஒரு கடித உறையை எடுத்து, யாரிடமும் கேட்காமல் நேராகப் போய்ப் பிக்குவாகிற பெடியனின் தாயிடம் கொடுத்தாள். அங்கேயும் அதே வழக்கம்தானாம். இருவரும் மொழி தெரியாமலே கொஞ்ச நேரம் கதைத்தார்கள்.

வெள்ளை உடுப்புப் போட்டு, மொட்டை அடித்த பெடியனை ஊர்வலமாக விகாரைக்குக் கூட்டிப்போனோம். வாசலில் அவன் படியேறி நின்று, ஒரு வெள்ளிக் கிண்ணத்துக்குள் கையை விட்டு, எதையோ அள்ளிக் கூட்டத்தின் மேல் வீசினான். பூ மாதிரி மடித்த வண்ண நாடா. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நாணயம். உலகத்துச் சொத்தை விட்டுப் போகிறேன் என்பதற்காக வீசுகிறதாம். கிழவி, குமர், குழந்தை எல்லோரும் பாய்ந்தார்கள்.

அவரும் பாய்ந்தார். இரண்டு பென்ஷன் வாங்குகிற, முழங்கால் தேய்ந்த மனிதர், தொப்பி உருண்டோட, நிலத்தில் நான்கு காலில் போனார். ஒரு பெட்டையின் பாதத்துக்கு அடியிலிருந்து நீல நாடா ஒன்றை இழுத்தார். நான் சிரிக்கத்தான் குனிந்தேன் என்று நினைக்கிறேன். பிறகு பார்த்தால் என் இரண்டு முழங்காலும் மண்ணில். என் தோளில் அவர் முழங்கை. ஒரு பச்சை நாடாவுக்காக இருவரும் முட்டிக்கொண்டோம். நான் எடுத்துவிட்டேன். அந்த ஒன்றோடு இருவரும் நிற்கவுமில்லை. மகள் இதை முழுதாகப் படம் பிடித்து வைத்திருக்கிறாள். கலியாணத்தில் போடுவேன் என்று வெருட்டுகிறாள்.

மூச்சு வாங்கியபடி எழும்பி, அவர் நீல நாடாவை நகத்தால் பிரிக்கத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற ஒரு கிழவி அவர் கையில் பட்டென்று ஓர் அடி போட்டாள். எங்கள் சாலட்காரி ஓடிவந்து மொழிபெயர்த்தாள்.

"பிரிக்கக் கூடாதாம். செலவழிக்கக் கூடாதாம். பேர்ஸுக்குள்ள வைக்கிறது. இருக்குமட்டும் வைச்சிருக்கிறது."

"ஒருக்காலும் செலவழிக்கிறேல்லையோ?" என்றார். நாடாவைப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்று பின்னேரம் பேருந்து ஏறுமுன் பெடியனின் தாயிடம் போய்த் தொப்பியைக் கழற்றி நன்றி சொன்னார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏப்ரலில் வழக்கம்போல் முந்திரி நிறத்தில் வந்து உட்கார்ந்தார். நான் பியரை வைத்தேன்.

"இந்த முறை நான் என்ர கண்ணாலயே பாத்தன்," என்று தொடங்கினார் மற்றவர்களிடம். "காசை அள்ளி றோட்டில வீசுறாங்கள். அப்பிடி ஒரு சனம்."

மூவரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர் கேட்டார், "நீ பொறுக்கினியோ?"

அவர் மேசைத்துணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் பொறுக்கினனான்," என்றேன். "ஆறு. இவர் நாலு."