பிளாட்பாரம் அக்காவின் பதினான்கு கட்டங்கள்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ‘பிளாட்பாரம் அக்கா’. அங்கே மென்பொருள் எழுதும் குழுக்கள் பதினொன்று. எழுதியதை வெளியிட வேண்டுமென்றால் சர்வர் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களின் காலைப் பிடித்து நான்கு நாள் காத்துக் கிடப்பார்கள். அந்தத் தொல்லை தீர, அவளும் இன்னும் மூவரும் இரண்டு வருடம் மெனக்கெட்டு ‘பிளாட்பாரம்’ என்று ஒரு பொதுத் தளம் கட்டினார்கள். படிவத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் இருபது நிமிடத்தில் வேலை முடியும்.

ஒரு குழுவாவது தானாகப் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் இந்த மாதக் கடைசியில் தளத்தை மூடிவிடுவேன் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அவள் அசரவில்லை. தினமும் ஆறேழு வெளியீடு தளம் வழியாகத்தானே போகிறது!

“அக்கா, பதினாலு கட்டம் இருக்கு. எதுல என்ன போடறது?” என்று நாற்காலியை உருட்டிக்கொண்டு வருவான் கட்டணக் குழுவின் தலைவன்.

“உதவிப் பக்கத்துல எழுதியிருக்கேனே, படிச்சியா?”

“படிச்சா தலை சுத்துது. நீங்க தொட்டாதான் அது பேச்சு கேக்குது. இன்னிக்கு மட்டும்கா.”

இன்னிக்கு மட்டும் என்றே எட்டு மாதம் ஓடிவிட்டது. கேட்டவருக்கெல்லாம் அவளே நிரப்பி, அவளே அழுத்தினாள். கரண்டி பிடிக்கத் தெரிந்த நோயாளிக்கு ஊட்டிவிட்டுப் பாருங்கள், பத்தாம் நாள் அவர் கையைத் தூக்க மாட்டார்.

மாதக் கடைசிக்கு முந்தின நாள் மேலாளர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஆயிரத்துச் சொச்சம் வெளியீடுகள். அத்தனைக்கும் எதிரே அவள் பெயர்.

“பதினோரு குழுவும் பயன்படுத்துதுன்னீங்க. உங்களைத் தவிர ஒரு ஈ காக்கா இல்லையேம்மா.”

“அவங்களுக்காகத்தான் சார் அழுத்தினேன்.”

“அப்போ தளம்னு ஒண்ணு இல்லம்மா, நீங்கதான் இருக்கீங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன்.”

மறுநாள் கட்டணக் குழுத் தலைவனைக் கெஞ்சி உட்கார வைத்தாள். நல்ல பையன், மறுக்கவில்லை. இரண்டு கட்டம் தாண்டியதும் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் வாயைத் திறக்காமல், கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். குத்துமதிப்பாக நிரப்பி அழுத்தினான். சிவப்பு எழுத்து வந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடி சிவப்பு.

“கோச்சுக்காதீங்கக்கா. இது போய்ச் சேரலேன்னா என் தலைதான் உருளும். சர்வர் ஆளுங்ககிட்டயே கேட்டுக்கறேன்.”

அவன் போய்விட்டான். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சிவப்பு எழுத்தைப் படித்தாள். ‘மதிப்பு தவறு.’ எந்தக் கட்டத்தின் மதிப்பு, என்ன தவறு என்று ஒன்றுமில்லை. எழுதியவள் அவள்தான். எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட அது அவள் கண்ணில் பட்டதில்லை.

திருத்த ஒரு வாரமாவது ஆகும். மணி நாலரை.