லுப்னாவின் போனில் வராத சத்தம்

பட்டுப்புடவை முந்தானைக்குக் குஞ்சம் முடிவதில் லுப்னாவின் விரல் வேகம் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் யாருக்கும் வராது. மடியில் புடவை இருந்தால் போனைத் தொடமாட்டாள். விரல் பிசுக்கு வெளிர்நிறப் பட்டில் ஏறிவிட்டால் யார் பதில் சொல்வது? போன் அலமாரி மேலேயே கிடக்கும். சத்தம் வந்தால்தான் எழுவாள். அடுத்த வீட்டுக்காரி நான், எத்தனை வருடமாகப் பார்க்கிறேன்.

அவள் புருஷன் பாசில் துபாயில் லாரி ஓட்டினான். போன மாதம் தூக்கத்திலேயே மாரடைப்பு, போய்விட்டான். கம்பெனிக்காரன் போனில் ஒரே பேச்சாகச் சொன்னான்: எல்லாம் மெயிலில் வரும். உடல் ஊருக்கு வரவேண்டுமென்றால் குடும்பம் அதில் சம்மதம் எழுதவேண்டும். இல்லையென்றால் அங்கேயே அடக்கம்.

"மூஞ்சியையாவது ஒருவாட்டி பாத்துடணும்கா," என்றாள் லுப்னா. வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

கையில் எடுத்த கல்யாணப் புடவைகளை முடித்துக் கொடுத்தாக வேண்டும். இழவு வீட்டில் என்ன வேலை என்று வாயைத் திறந்த ஒருத்தியிடம், "நீ வந்து அவ அடுப்பை எரிய வையி, அப்புறம் பேசு" என்று நன்றாகக் கொடுத்தேன். லுப்னா முடிச்சுப் போட்டபடி காதை அலமாரிப் பக்கமே வைத்திருந்தாள். மெயில் வந்தால் சத்தம் கேட்கும்தானே என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

ஒரு வாரம் போனது. கம்பெனி நம்பரை யாரும் எடுக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஐயம்பேட்டையில் செல்போன் கடை வைத்திருக்கும் அவள் தம்பி தன்வீரை வரவழைத்து, "இந்தப் போனைக் கொஞ்சம் பாருடா" என்றேன்.

மெயிலைத் திறந்தான். மூன்று மெயில்கள் ஒன்றாக வந்து விழுந்தன. முதல் இரண்டும் சம்மதம் கேட்டவை. மூன்றாவது, அடக்கம் முடிந்தது என்று.

"பேட்டரி சேவர் போட்டு வச்சிருக்குதுக்கா. அது இருந்தா மெயிலைத் திறந்தாதான் வரும், தானா சத்தம் வராது. யார் போட்டது?"

"நான்தான்பா," என்றாள் லுப்னா. "கரண்ட் போய்க்கினே இருந்துச்சு. சார்ஜ் தீந்து போன் ஆஃப் ஆயிட்டா மெயிலு வராதேன்னுதான்…"

அடக் கடவுளே, பார்த்துப் பார்த்துச் செய்தவளுக்கா இப்படி! அந்தப் போனைச் சுவரில் அடித்து நொறுக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. தன்வீர் தலை நிமிராமல் சேவரை அணைத்தான். தன் போனிலிருந்து ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தான். உடனே சத்தம் வந்தது.

லுப்னா அழவில்லை. "அவரை யார் குளிப்பாட்டினாங்கன்னு அதுல போட்டிருக்குதா, பாருப்பா."

தன்வீர் அந்த மூன்றாவது மெயிலை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தான்.

"இல்லக்கா," என்றான்.