மாமாவின் தபசுத் தொப்பை

எங்கள் மாமா ராஜபாளையத்தில் பஞ்சாலைக் குமாஸ்தா. பெரிய வெள்ளிக்கிழமை மட்டும் சேசுநாதர். எண்ணிவிடக்கூடிய விலா எலும்புகள். சிலுவைப்பாட்டை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகத்துக்கு வேறென்ன வேண்டும்? தேசாதிபதி பிலாத்து உறுமி உறுமிக் கேட்க, இவர் ஒரு வார்த்தை பேசாமல் தலைகுனிந்து நிற்பார் பாருங்கள், அந்த இடத்தில் ஊரே தேம்பும். வீட்டில் அவரைப் பார்த்து உறுமுகிற அத்தைகூடத் தேம்புவாள்.

எனக்கு எட்டு வயதான வருஷம் அவருக்குத் தொப்பை விழுந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தபசுகாலம் நாற்பது நாளுக்குள் வயிறு இறங்காவிட்டால் சிலுவை வேறு ஆளுக்கு என்று கோயில் சாமியார் சொல்லிவிட்டார். மாமா ஒரு வேளைக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டார். கையும் காலும் குச்சியாயின. வயிறு மட்டும் ஏறிக்கொண்டே வந்தது.

"கஞ்சிக்கு இம்புட்டு வயிறா? எங்கயோ ஒளிச்சுத் திங்காவ!" என்றாள் அத்தை. மாமா நாடகத்துக்குச் சடைமுடி வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பியபோது என்னை உளவுக்கு அனுப்பினாள். "ஏட்டி, கண்ணு இமைக்காமப் பாத்துட்டு வா. நீயும் இனிப்பத் தொடப்படாது, தபசு!"

பால்கோவாக் கடை வந்ததும் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். உளவாளிதான் நகரவில்லை. பால் சுண்டுகிற வாசனைக்குத் தெருவிலேயே உட்கார்ந்து அழுதேன். "சின்னப் பிள்ளைக்கு என்ன தபசு, தின்னுட்டி" என்று ஓர் இலைப் பொட்டலம் வாங்கித் தந்தார். அவர் ஒரு விள்ளல்கூடத் தொடவில்லை.

வீட்டில் சாமியார் வந்து காத்திருந்தார். நக்கி முடிக்காத இலை என் பாவாடை மடிப்பிலிருந்து அத்தையின் காலடியில் விழுந்தது.

"யாருட்டி தின்னது?"

"மாமா."

எல்லோரும் மாமாவின் வயிற்றைப் பார்த்தார்கள். அதைவிடச் சாட்சி வேண்டுமா? சாமியார் மூன்று தரம் கேட்டார். மாமா என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். வாயைத் திறக்கவில்லை. சிலுவை சோழபுரத்துக் கொத்தனாருக்குப் போயிற்று.

திருநாள் கழிந்தபோது மாமாவின் இடுப்பில் வேட்டி நிற்கவில்லை, மூச்சு வாங்கியது. மிஷன் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தார்கள். இரண்டு வாளி! நுங்குச் சதைபோலக் கொழகொழவென்று.

"குடல் நுனியில சுண்டுவிரலாட்டம் ஒரு வால் இருக்கும்மா. அதுல கட்டி வந்து ஒடைஞ்சு, வயிறு பூரா இந்தக் கூழக் கசிய விட்டிருக்கு. நானே புஸ்தகத்துலதான் பாத்திருக்கேன்" என்றார் டாக்டரம்மா. (காலேஜில் தவளையை அறுத்த முதல் நாளே அந்த வாலைத்தான் தேடினேன். தவளைக்கு அது கிடையாதாம்.)

"பால்கோவா தின்னா வருமா டாக்டரம்மா?" என்று கேட்டாள் அத்தை.

"பட்டினி கெடந்தாலும் வரும்."

அத்தை மெல்லத் திரும்பி என்னைத் தேடினாள். நான் அதற்குள் மாமாவின் கட்டிலுக்கு அடியில் இருந்தேன். அங்கிருந்தே கேட்டேன்: "நீங்க ஏன் மாமா அன்னைக்குச் சொல்லல?"

"சிரிக்க வைக்காதட்டி, தையல் பிரிஞ்சிரும்."

அந்த வருஷம் மாமா வேஷம் கட்டவில்லை என்றே ஊரெல்லாம் பேசிற்று. கட்டிலுக்கு அடியில் கிடந்த நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.